கறுப்புப் பைக்குள் ஒரு ரேஸர்

முதலில் அந்தக் குப்பைப் பை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடக்கி வைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஒற்றை இருக்கை ரேஸ் காருக்கு சீட் கடையில் கிடைக்காது. பதினாறு வயதுப் பையனைக் காரின் குறுகலான தொட்டிக்குள் இறக்குகிறார்கள். அவன் முதுகுக்கும் தொட்டிக்கும் நடுவே பெரிய கறுப்புக் குப்பைப் பை. இரண்டு திரவங்களைக் கலக்கி அதற்குள் ஊற்றுகிறார்கள். ஊற்றிய மாத்திரத்தில் நுரைத்துப் பொங்குகிறது. சூடும் ஏறுகிறது. "அண்ணே, சுடுதுண்ணே!" என்று பையன் நெளிகிறான். "அசையாத தம்பி. இப்ப அசைஞ்சா சீசன் முழுக்க இடுப்பு வலி உனக்குத்தான்" என்கிறார் மெக்கானிக், இரக்கமே இல்லாமல். ஸ்டியரிங்கில் கை, பெடலில் கால், அப்படியே சிலையாகச் சில நிமிடங்கள். நுரை இறுகியதும் பையனைப் பிடுங்கி வெளியே எடுத்தால் அவனுடைய இடுப்பு, முதுகு, விலா எல்லாம் அச்சாக உள்ளே நிற்கின்றன. ஓரங்களை அறுத்து, டேப் சுற்றினால் சீட் தயார். டிவியில் ஷாம்பெயின் பீய்ச்சுகிற சூராதி சூரர்களும் ஏதோ ஒரு மதியம் இப்படிப் பைமேல் உட்கார்ந்து நெளிந்தவர்கள்தான் என்று தெரிந்தபின் அவர்களை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

எனக்கு ஏன் இந்த ஆர்வம் என்றால், நான் மணமேல்குடிக்காரன். எங்கள் பக்கம் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று வயதையும் உருவத்தையும் பார்த்துப் பிரிப்பார்கள். கிலோமீட்டர் வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் தூரம் இன்னும் "போய்வர எட்டு மைல்"தான். சாலையோரம் நிற்கிற கூட்டத்துக்கு ஒரு புழுதிப் படலமும் ஒரு விசில் சத்தமும்தான் மிச்சம். ஆனால் மாட்டை நீந்தவிட்டவன், பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தவன், பேரீச்சம்பழம் ஊட்டியவன், அச்சுக்கு எண்ணெய் போட்டவன் எல்லோருக்கும் தெரியும், பந்தயம் கொடியசைப்பதற்கு மாசக்கணக்கில் முன்னாலேயே தொடங்கிவிட்டது என்று. கார் பந்தயத்திலும் நான் பார்க்க விரும்பியது அந்தக் கொட்டகையைத்தான். எங்கள் பூஞ்சிட்டுக்குச் சமமான வகுப்பை, அதாவது பதின்ம வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிற ஃபார்முலா கார்களை. ஷட்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது? வாருங்கள், குனிந்து உள்ளே நுழைவோம்.

அதற்கு நாடு விட்டு நாடு போக வேண்டியதில்லை என்பதுதான் பெரிய சந்தோஷம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள் கொண்ட மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்தியாவின் ஜூனியர் ஃபார்முலா சீசன் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. டெல்லிக்குப் பக்கத்து புத் சர்க்யூட்டுக்கு எப்போதாவது ஒரு பயணம். மற்றபடி, தேசிய சாம்பியன்ஷிப் என்று போட்டிருந்தாலும் காரேஜில் காதில் விழுகிற மொழியில் பாதி நம்முடையது. "ஸ்பேனர் எங்கடா?" என்பதை உலகத்தரத்தில் கேட்கலாம்.

ஏணி எப்படி என்றால், ஏழெட்டு வயதில் கார்ட். காருக்குத் தம்பி மாதிரி சின்ன வண்டி, கதவும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. அதில் சில வருடம் முட்டி மோதிய பிறகு எல்ஜிபி ஃபார்முலா. கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயரைச் சுமக்கிற இந்தக் காரின் முதுகில் இருப்பது ரோட்டில் ஓடுகிற மாருதி சுசுகியின் 1,300 சிசி எஞ்சின். புதுமுகங்களுக்கென்றே இதே காரில் ஜேகே டயர் நோவிஸ் கப் என்று தனி வகுப்பும் உண்டு. அதற்கு மேல் எஃப்4, அதாவது ஃபார்முலா 4. சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை பெற்ற இந்தியன் எஃப்4 சாம்பியன்ஷிப் 2023இல் ஓடத் தொடங்கியது. பிரான்ஸின் மிகால் நிறுவனம் செய்த கார்பன் ஃபைபர் உடல், 1.3 லிட்டர் டர்போ எஞ்சின், 170க்கும் மேல் குதிரைத்திறன், தலைக்கு மேல் ஹேலோ வளையம். 15 வயது முடிந்தால் ஓட்டலாம். சாலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லை ஓட்ட லைசென்ஸ் கிடைக்காத வயது!

இதில் முக்கியமான விதி, எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். அப்பா பணக்காரர் என்பதற்காக மகனுக்குக் கூடுதல் குதிரை கிடையாது. (பணம் வேறு வழியில் நுழையும். யார் அதிக நாள் பயிற்சி எடுக்கிறார்கள், யாருக்கு நல்ல கோச் என்பதில்.) அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அங்கேதான் கொட்டகை வேலை ஆரம்பிக்கிறது.

எடை மேடைக்கு வாருங்கள். கார் மட்டுமல்ல, ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் ஓட்டுநரும் சேர்ந்து குறைந்தபட்ச எடை இருக்க வேண்டும். ஒல்லிப்பிச்சானாக ஒரு பையன் வந்தால் அவன் காரில் ஈயக்கட்டிகளைப் போல்ட் போட்டு முடுக்குவார்கள். இன்னொருவன் தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு கிலோ ஏற்றிக்கொண்டு வந்தால், அவன் காரிலிருந்து ஈயம் இறங்கும். இறக்க ஈயமே இல்லை என்றால் பையன்தான் இறங்க வேண்டும், சோற்றை விட்டு. பந்தயம் முடிந்தபிறகும் இதே மேடை. வெயிலில் தீப்பிடிக்காத மூன்றடுக்கு உடைக்குள் வெந்து, வியர்வையாக எடையைச் சிந்திவிட்டு வருகிற பிள்ளைகள் முதலில் மேடை ஏற வேண்டும், அதற்கப்புறம்தான் தண்ணீர் பாட்டில். அதற்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. கொடி விழுந்தபிறகு மெதுவாகத் திரும்பி வருகிற சுற்றில் கெட்டிக்கார ஓட்டுநர்கள் ஓடுபாதையின் ஓரமாகவே உருட்டிக்கொண்டு வருவார்கள். எல்லோருடைய டயரிலிருந்தும் உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் அங்கேதான் குவிந்திருக்கும். சூடான டயரில் அவை அப்பிக்கொள்ளும். நாலு டயரிலும் சேர்த்துக் கொஞ்சம் எடை, இலவசமாக. இதைக் கேட்டபோது நான் கைதட்டியே விட்டேன்.

டயர்க்காரர்கள் தனி சாதி. எஃப்4இல் எஃப்1 மாதிரி டயருக்குப் போர்வை போர்த்திச் சூடேற்றுகிற வசதி இல்லை. ஆறின டயரோடு கிளம்பி, ஓட்டி ஓட்டித்தான் சூடேற்ற வேண்டும். சூடு ஏற ஏற உள்ளே காற்றின் அழுத்தமும் ஏறும். எந்தச் சுற்றில் டயர் சரியான அழுத்தத்துக்கு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்பக் காலையில் காற்றைக் குறைத்து அடிக்கிறார்கள். மேகம் ஒன்று சூரியனை மறைத்தால் கணக்கு தலைகீழ். இருங்காட்டுக்கோட்டையில் ஆடி, ஆவணி மாதத்து மதியத்துக்கும், மழை தூறிய மறுநாள் காலைக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். பிரஷர் கேஜும் கையுமாக, வானத்தையே பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றால் ஜோசியக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்தான் டயர் மெக்கானிக்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த மூலைக்குப் போவோம். காரேஜின் பின்பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு லேப்டாப். அதைச் சுற்றி நான்கைந்து தலைகள். காரிலிருந்து இறக்கிய டேட்டா திரையில் ஓடுகிறது. எங்கே பிரேக் அடித்தான், எவ்வளவு அழுத்தினான், ஆக்ஸிலரேட்டரை எந்த நொடியில் திரும்ப மிதித்தான், ஸ்டியரிங்கை எத்தனை டிகிரி வளைத்தான், எல்லாம் கோடுகளாக. ஒரு நிறத்தில் இவன் கோடு, இன்னொரு நிறத்தில் டீமிலேயே வேகமானவன் கோடு. ஒன்றின்மேல் ஒன்று போட்டுக் காட்டுகிறார்கள். ஒளிக்க இடமே கிடையாது!

"அந்த வளைவுல ஃபுல் த்ராட்டில்லதான் போனேன் சார்" என்கிறான் பையன்.

எஞ்சினியர் பேசவே இல்லை. கர்சரை நகர்த்திக் கோட்டின் மேல் நிறுத்துகிறார். கோடு அங்கே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்து எழுந்திருக்கிறது. பயந்து காலைத் தூக்கியிருக்கிறான். தூக்கியது அவனுக்கே தெரியாது. உடம்பு தானாகத் தூக்கிக்கொண்டது. அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கு ஒரு பையனுக்கு ஒரு முழு சீசன்கூட ஆகும். பள்ளிக்கூடத்தில் எந்த ரேங்க் கார்டும் இவ்வளவு கறாராக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த மூலையின் இன்னொரு பக்கம் நிஜமான பள்ளிக்கூடமும் நடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் கணக்கு நோட்டு. பாதி கழற்றிய ரேஸ் உடையின் கைகளை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை. "கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு முடிச்சியாப்பா?" என்று அம்மா கேட்கிற அதே நிமிடத்தில் "தம்பி, அஞ்சு நிமிஷத்துல பிட் லேன் திறக்குது" என்று ஒரு குரல். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே ஆளைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன என்பதை நான் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

அப்பாக்கள்! அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கைபேசியில் ஸ்டாப்வாட்ச், கழுத்தில் பாஸ், நெற்றியில் திருநீறு. மகன் காரில் ஏறும்வரை ஓயாமல் ஆலோசனை சொல்வார்கள். கார் கிளம்பியதும் வார்த்தை நின்றுவிடும். பிட் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த விரல்களைப் பார்க்க வேண்டும். அம்மாக்கள் சிலர் காரேஜுக்குள்ளேயே திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்கள், திரையைக்கூடப் பார்ப்பதில்லை. சத்தத்தை மட்டும் எண்ணுகிறார்கள். தன் பிள்ளையின் எஞ்சின் சத்தம் எது என்று அவர்களுக்குத் தெரியுமாம். எல்லாம் ஒரே எஞ்சின் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவும் தமிழ்நாட்டில் எப்படி வந்து இறங்கியது? கதை சோழவரத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை, போர் முடிந்து சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கியது. விமானம் ஏற வேண்டிய தளத்தில் கார்கள் சீறின, சென்னைக் கூட்டம் அங்கே திரண்டது. பிறகு கிளப் சொந்தமாக இருங்காட்டுக்கோட்டையில் இடம் வாங்கி, 1990 வாக்கில் நிரந்தரச் சர்க்யூட்டே கட்டிவிட்டது. இந்தப் பக்கம் கோவையில் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டுக் கார் இறக்குமதி எட்டாக்கனியாக இருந்த 1980களின் கடைசியில், மாருதி 800இன் எஞ்சினை எடுத்துத் தன் கையாலேயே ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி! தெருவில் காய்கறி வாங்கப் போகிற காரின் இதயம், ஓடுதளத்தில் பாய்ந்தது. 1995இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துச் சர்க்யூட் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் உட்கார்ந்து தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்காக எஃப்1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் இண்டியானாபோலிஸில், டயர் தகராறில் ஆறே கார்கள் ஓடிய அந்த விசித்திரமான பந்தயத்தில் நான்காவதாக வந்தார். சென்னையின் கருண் சந்தோக் 2000இல் ஃபார்முலா மாருதி சாம்பியன், 2010இல் எஃப்1. நம் நடிகர் அஜித்குமாரும் இந்த ஏணியில் ஏறியவர்தான். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் 39 வயதில் எஃப்ஐஏ ஃபார்முலா 2. சக போட்டியாளர்களில் பலர் அவருடைய வயதில் பாதிதான் இருந்திருப்பார்கள். அந்தத் துணிச்சலுக்கு நான் முதல் நாள் முதல் காட்சி விசில் அடிக்கிறேன்.

இன்னொரு ரகசியம். எம்ஆர்எஃப் சேலஞ்ச் என்ற தொடர் 2012இல் தொடங்கி, குளிர்காலத்தில் ஐரோப்பியப் பிள்ளைகளையெல்லாம் இங்கே இழுத்து வந்தது. 2017 பிப்ரவரியில் இருங்காட்டுக்கோட்டை பிட் லேனில் 17 வயதுப் பையன் ஒருவன் தன் ஹெல்மெட்டைத் தானே துடைத்துக்கொண்டு நடந்திருப்பான். பெயர் மிக் ஷூமேக்கர். மைக்கேல் ஷூமேக்கரின் மகன்! சீசனின் முடிவில் மூன்றாம் இடம். சாம்பியன் ஆனது ஹாரிசன் நியூயி, எஃப்1 கார்களை வடிவமைக்கும் அட்ரியன் நியூயியின் மகன். இரண்டு வருடம் கழித்து, 2019 பிப்ரவரியில், அதே தளத்தில் இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் சாம்பியன் பட்டத்தை வென்றார், அந்தத் தொடரை வென்ற முதல் பெண். அந்த வருடமே பெண்களுக்கான டபிள்யூ சீரிஸையும் வென்றார். உலகப் புகழுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இவர்கள் எல்லோரும் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் என்பது எனக்கு அளவில்லாத குதூகலத்தைத் தருகிறது.

அப்புறம் அந்த ராத்திரி. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப் பாதையில் ராத்திரிப் பந்தயம். முந்தைய டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த முறை புயல் இல்லை, ஆனால் எஃப்ஐஏவின் தளச் சான்றிதழ் முதல் நாள் சாயங்காலம்வரை கைக்கு வரவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் வெளியே, உடை மாட்டியவர்கள் உள்ளே, கார்கள் மூடியைத் திறந்தபடி, எல்லோரும் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் விளக்குகள் எரிந்தன. நேப்பியர் பாலத்தின்மேல் பிள்ளைகள் எஃப்4 கார்களில் பறந்தார்கள். வழக்கமாக 21ஜி பஸ் ஊர்ந்துபோகிற பக்கமெல்லாம்! நடுவே ஒரு நாய் ஓடுதளத்துக்குள் புகுந்தது. டர்போ எஞ்சின், கார்பன் ஃபைபர், கான்கிரீட் தடுப்பு, இரும்பு வலை, அத்தனை ஏற்பாட்டையும் தாண்டி ஒரு சென்னைத் தெருநாய். அதன் தெருவில் அதைக் கேட்காமல் பந்தயம் வைத்தால் வேறென்ன செய்யும்? அந்த சீசனின் சாம்பியன் தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாய். ஆனாலும் அந்த நாயை யாரும் மறக்கவில்லை.

காரேஜின் ராத்திரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மெக்கானிக்குகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சனிக்கிழமை மாலை ஒருவன் மோதிவிட்டு வந்தால், ஞாயிறு காலைக்குள் கார் நிற்க வேண்டும். மூக்கு உடைந்தால் மாற்று மூக்கு. சஸ்பென்ஷன் கை வளைந்தால் புதுக் கை. பிறகு நான்கு சக்கரமும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறதா என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அளந்து திருத்துவது. முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின்மேலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்கிறார்கள். காலையில் கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். எல்ஜிபி கார்களின் ஃபைபர் உடலுக்கு ஒட்டுப் போடுகிறபோது ரெசின் வாசனை குப்பென்று வந்தது. அடடா, நம்ம ஜெகதாப்பட்டினம் கரையில் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிற வாசனை! அதே ஃபைபர் பாய், அதே ரெசின். இரவு ஒரு மணிக்கு டீயும் பரோட்டாவும் வந்தன. மோதிய பையன் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஹோட்டலுக்குத் தூங்க அனுப்பப்பட்டுவிட்டான். அவனைத் திட்டினார்களா என்று கேட்டேன். "திட்டி என்னத்துக்கு சார், மோதாதவன் வேகம் எங்க இருக்குன்னு தேடவே இல்லைன்னு அர்த்தம்" என்றார் ஒருவர், பரோட்டாவைப் பிய்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிஜமாகவே அவ்வளவுதான். ஐந்து சிவப்பு விளக்கு அணைந்ததும் முதல் வளைவுக்குள் அத்தனை பேரும் ஒரே இடத்தைக் கேட்கிறார்கள். எல்ஜிபி வகுப்பில் முன்னால் போகிறவனின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு வந்து, நேர் பாதையில் வெளியே பாய்ந்து முந்துகிற விளையாட்டு சுற்றுக்குச் சுற்று நடக்கும். ஒரு சுற்றில் முதலாவதாக வந்தவன் அடுத்த சுற்றில் நான்காவது. பிட் சுவரிலிருந்து நீட்டுகிற பலகையில் இடமும் இடைவெளியும் மீதிச் சுற்றும் எழுதியிருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்குகிற வேகத்தில் அதைப் படித்துவிடுகிறார்கள். மேடைக் கோப்பை, படம், அணைப்பு எல்லாம் நடந்தாலும் முடிவு அப்போதைக்கு தற்காலிகம்தான். காரை அதிகாரிகள் பூட்டிவைத்து அளக்கிறார்கள். புகார் கொடுக்க அரைமணி நேரம் உண்டு. கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே, தண்டனைக் காகிதம் ஒட்டுகிற பலகையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் பிள்ளைகள். அந்த முகங்களைத்தான் டிவியில் காட்ட வேண்டும்.

ஓட்டப் பணம் இல்லை, மெக்கானிக் வேலை தெரியாது, ஆனாலும் உள்ளே போக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மார்ஷல். ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு நிற்கிறவர்கள். இவர்கள் இல்லாமல் ஒரு கார்கூடக் கிளம்ப முடியாது. பெரும்பாலும் தன்னார்வலர்கள், கல்லூரிப் பிள்ளைகள் நிறைய. மஞ்சள் ஆட்டினால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான். சிவப்பு என்றால் எல்லாம் நிற்கட்டும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் காரில் ஏதோ கழன்று தொங்குகிறது, உள்ளே வா. பயிற்சி கொடுக்கிறார்கள். கட்டணம் கட்டிப் பார்க்கிறவர்களைவிட ஓடுதளத்துக்குப் பல மடங்கு பக்கத்தில் நிற்கலாம். கார் கடக்கும்போது சட்டை படபடக்கும் தூரம்.

எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். மாட்டுவண்டிப் பந்தயத்தில் கூட்டத்தை ஒதுக்கிப் பழகியவர்கள், கொடி பிடிக்கக் கஷ்டமா என்ன? பெரியவன் கார்களைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டான். சின்னவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "சோறு போடுவாங்களாண்ணே?"

போடுவார்கள்டா. பொட்டலம். வளைவுக்கே கொண்டுவந்து தருவார்கள்.